நின்ற வண்டிக்காரன் தண்டம் கட்டுவதா?

ஓடுகிற இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் தப்பு யார் பக்கம் என்று வாதாடலாம். நிற்கிற வண்டி மீது ஒருவன் வந்து மோதினால் அங்கே வாதாட என்ன இருக்கிறது? சாலையோரத்தில் விதிப்படி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைபிரேக் போட்டுவிட்டுப் போன வண்டி யார் மேலும் போய் விழுவதில்லை. வந்தவன்தான் இடித்தான். சின்னக் குழந்தைக்கும் விளங்குகிற நியாயம் இது.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? இடித்தவன் போய்விடுகிறான். இடித்தவனிடம் பிரீமியம் வாங்கிய கம்பெனி வாய் திறப்பதில்லை. நின்ற வண்டியின் சொந்தக்காரன்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கும், ஒர்க் ஷாப்புக்கும், இன்ஷ்யூரன்ஸ் ஆபீசுக்கும் அலைகிறான். கடைசியில் கைக்காசையும் போடுகிறான். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, குற்றமற்றவனிடம் தண்டம் வசூலிக்கிற ஏற்பாடாக மோட்டார் இன்ஷ்யூரன்ஸ் இன்று நடந்துகொண்டிருக்கிறது. இதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

கார் வைத்திருக்கும் கனவான்களின் கவலை நமக்கு எதற்கு என்று சில வாசகர்கள் நினைக்கலாம். அப்படி ஒதுக்கிவிடக் கூடாது. கள்ளக்குறிச்சியின் தெருக்களில் நிற்கிற வண்டிகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். கடன் வாங்கிப் போட்ட டாக்சி, தவணை தீராத லோடு வேன், ஷேர் ஆட்டோ, காய்கறி ஏற்றும் மினி லாரி, மூன்று பேர் கை மாறி வந்த பழைய கார் — இவைதான் பெரும்பாலானவை. இவற்றின் சொந்தக்காரர்களுக்கு வண்டி என்பது ஆடம்பரம் அல்ல, உழவனுக்கு ஏர்மாடு மாதிரி. வண்டி பத்து நாள் ஒர்க் ஷாப்பில் கிடந்தால் பத்து நாள் அடுப்பு மந்தமாக எரியும். தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

நம் பகுதியின் சாலைகளையும் எண்ணிப் பாருங்கள். சேலம் – உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், எலவனாசூர்கோட்டை வழியாகப் போகிறது. இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருப்பதால் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டுகின்றன. மேலே கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு ஏறுகிற குறுகலான மலைப்பாதையில், மரவள்ளியும் கடுக்காயும் இறக்குகிற பிக்கப் வேன்கள் ஓரமாக ஒதுங்கித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. வளைவில் வருகிறவன் உரசிவிட்டுப் போனால் கேட்பதற்கு அங்கே நாதியில்லை.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. மோட்டார் வண்டி வைத்திருப்பவன் மூன்றாம் நபருக்காகக் கட்டாயம் இன்ஷ்யூர் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு 1939-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கும் வந்தது. இப்போதுள்ளது 1988-ம் ஆண்டுச் சட்டம். அதன் 146, 147-ம் பிரிவுகள் இதே கடமையைச் சொல்லுகின்றன. பாலிசி எடுத்தவன் முதல் நபர். கம்பெனி இரண்டாம் நபர். அவன் வண்டியால் நஷ்டப்பட்ட நீங்கள் மூன்றாம் நபர். உங்கள் உயிருக்கும் உடலுக்கும் மட்டுமல்ல, உங்கள் சொத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்கு அவனுடைய பாலிசி பொறுப்பு. நின்றுகொண்டிருந்த உங்கள் வண்டி உங்கள் சொத்துத்தானே!

எவ்வளவுக்குப் பொறுப்பு? 1988-ல் சட்டம் இயற்றியபோது சொத்துச் சேதத்துக்கு அதில் குறிக்கப்பட்ட தொகை 6,000 ரூபாய். ஆனால் மோட்டார் தாரிஃப்படி, காருக்கும் வாடகை வண்டிகளுக்கும் 7.5 லட்சம் ரூபாய் வரையிலும், இரு சக்கர வண்டிக்கு 1 லட்சம் வரையிலும் சாதாரணமாகப் பாலிசிகளில் பொறுப்பு ஏற்கப்படுகிறது. பிரீமியத்தில் ஒரு சிறு தொகை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு அந்தப் பொறுப்பை 6,000-க்குச் சுருக்கிக்கொள்ளுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவன் வந்து இடித்தால் கம்பெனி 6,000-த்தோடு கையை உதறும். மீதியை அவனிடமே வசூலிக்க வேண்டும்.

இந்த உரிமையைக் கேட்டுப் பெற மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. விபத்து எங்கே நடந்திருந்தாலும், நஷ்டப்பட்டவன் தான் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். 2019-ல் திருத்தப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 149-ம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. விபத்துச் செய்தி கிடைத்ததும் கம்பெனி அதற்கென்று ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள் இவ்வளவு தருகிறோம் என்று தீர்ப்பாயத்தின் முன் சொல்லலாம். நஷ்டப்பட்டவர் சம்மதித்தால், அந்தச் சம்மதம் பதிவாகிக் கம்பெனியின் கைக்கு வந்த 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். படிக்கிறபோது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால் 'சொல்லலாம்' என்று எழுதியிருக்கிறார்களே தவிர, 'சொல்ல வேண்டும்' என்று எழுதவில்லை. சூட்சுமம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. சொல்லாத கம்பெனியை என்ன செய்வது?

நடைமுறைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி பஜாரில் நிறுத்திய கார் மீது ஒரு வேன் பின்னுக்கு வந்து இடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குக் காயமில்லை. போலீஸ் ஸ்டேஷனில், "ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படுவது வழக்கம். வேண்டுமென்றே சொத்தை நாசம் செய்தால்தான் கிரிமினல் சட்டத்தில் அது குற்றம். கவனக்குறைவாகச் சேதம் செய்வது மட்டும், மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படி ஓட்டியதாக இருந்தாலொழிய, அந்தச் சட்டத்தின் பிடிக்குள் எளிதில் வராது. ஆகவே எப்.ஐ.ஆர். போட மாட்டார்கள். வற்புறுத்திக் கேட்டால் மனு ரசீது கிடைக்கும். அதையாவது விடாமல் வாங்க வேண்டும்.

அடுத்து, இடித்தவனுடைய கம்பெனி. அங்கே போனால், "நீங்கள் எங்கள் பாலிசிதாரர் அல்ல, தீர்ப்பாயத்துக்குப் போங்கள்" என்பார்கள். தீர்ப்பாயம் என்றால் வக்கீல், வாய்தா, சாட்சி. முப்பதாயிரம் நாற்பதாயிரம் ரூபாய்க்காக வருஷக் கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கத் தொழிலாளிக்கு நேரமும் இல்லை, கூலியை விடுகிற சக்தியும் இல்லை. எல்லோரும் சேர்ந்து ஒரே புத்திமதிதான் சொல்லுகிறார்கள்: "அண்ணே, உங்க பாலிசியிலேயே போட்டுக்குங்க!"

உங்கள் பாலிசியில் போட்டுக்கொண்டால் என்ன ஆகிறது? கணக்குப் போட்டே பார்ப்போம்.

வாங்கி நாலரை வருஷமான, 1500 சி.சி.க்கு உட்பட்ட ஒரு சொந்தக் கார். ரிப்பேர் பில் 40,000 ரூபாய். இதில் கதவு முதலிய தகடு வேலைக்கான சாமான் 20,000, பம்பர், விளக்கு முதலிய பிளாஸ்டிக் சாமான் 10,000, கண்ணாடி 4,000, கூலி 6,000. தாரிஃப்படி நாலு முதல் ஐந்து வருஷ வண்டியின் தகட்டுக்குத் தேய்மானம் 35 சதம். அதாவது 7,000 ரூபாய் கழிவு. பிளாஸ்டிக்குக்கு 50 சதம். அதில் 5,000 கழிவு. கண்ணாடிக்குக் கழிவில்லை. சொந்தக்காரன் கட்டாயம் ஏற்க வேண்டிய பங்கு 1,000. ஆக, கம்பெனி கொடுப்பது 27,000. கைக்காசு 13,000.

அதோடு முடிந்ததா? இல்லை. பல வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியதற்காக அவனுக்கு 50 சதம் போனஸ் தள்ளுபடி இருந்தது. இந்த ஒரு கிளெய்முக்காக அது அடுத்த வருஷம் பூஜ்யமாகிறது. பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாக ஏறி, ஐந்து வருஷம் கழித்துத்தான் பழைய 50-க்கு வரும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்றும், அது மாறாமலே இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அவன் கூடுதலாகக் கட்டுவது முதல் வருஷம் 4,000, பிறகு 2,400, 2,000, 1,200, 400 — மொத்தம் 10,000 ரூபாய். முன்பு சொன்ன 13,000-த்தையும் சேர்த்தால் 23,000.

அதாவது 40,000 ரூபாய்ச் சேதத்தில் பாதிக்கு மேல், எந்தத் தப்பும் செய்யாதவன் தலையில்! இடித்தவனுக்கோ அவனுடைய கம்பெனிக்கோ ஒரு காசு செலவில்லை. தேய்மானம் கழிக்காத பாலிசி தனியாக விற்கிறார்கள், உண்மை. அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். அதுவும் போனஸ் போவதைத் தடுக்காது. போனஸைக் காப்பாற்ற வேறொரு கூடுதல்! அடுத்தவன் செய்யும் தப்புக்கு நீ முன்பணம் கட்டு என்கிற வியாபாரம் அல்லாமல் இது வேறென்ன?

இதற்கு உள்ளே ஒரு காரணமும் இருக்கிறது. உங்களுக்குப் பணம் கொடுத்த உங்கள் கம்பெனி, சட்டப்படி உங்கள் இடத்தில் நின்று இடித்தவனுடைய கம்பெனியிடம் அதை வசூலிக்கலாம். ஆனால் கம்பெனிகள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு வைத்திருக்கின்றன: உன் வண்டியை நீ பார், என் வண்டியை நான் பார்க்கிறேன், ஒருவரை ஒருவர் கேட்க வேண்டாம். 'நாக் ஃபார் நாக்' என்று அதற்குப் பெயர். கம்பெனிகளுக்கு வழக்குச் செலவு மிச்சம். இன்று உனக்கு, நாளை எனக்கு என்று கணக்கு நேராகிவிடும். ஆனால் போனஸை இழந்தவனுக்கும் தேய்மானத்தைச் சுமந்தவனுக்கும் கணக்கு என்றைக்கு நேராகும்? அவனைக் கேட்டா அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்?

வாடகை வண்டிக்காரன் நிலைமை இன்னும் மோசம். சரக்கு வேனுக்கு முழுப் பாலிசி எடுத்திருந்தாலும், விளக்கு, பம்பர், மட்கார்டு, பானெட்டின் பக்கப் பகுதி, பெயிண்டு ஆகியவை கூடுதல் பிரீமியம் கட்டி 23-ம் நம்பர் இணைப்பு வாங்கியிருந்தாலொழியச் சாதாரணமாக அதில் அடங்குவதில்லை. நிற்கிற வண்டியில் இடிபடுவது எது? பம்பரும் விளக்கும் மட்கார்டும்தானே! எது உடையுமோ அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் காப்பு. வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்புக்கும் சொந்தப் பாலிசியில் இடமில்லை.

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவனுக்குச் சொந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ரூபாயும் வராது. பழைய வண்டி வைத்திருக்கும் ஏழைகளில் மிகப் பலர் இந்த ரகம். அவர்களுக்கு இருக்கிற ஒரே வழி இடித்தவனுடைய பாலிசிதான். இடித்தவனுக்குப் பாலிசியே இல்லாவிட்டால்? நாட்டில் ஓடுகிற வண்டிகளில் ஏறக்குறையப் பாதி இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் ஓடுகின்றன என்று சர்க்கார் தரப்பிலேயே பலமுறை ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இட்ட கட்டளையால்தான் 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 வருஷமும், புது இரு சக்கர வண்டிக்கு 5 வருஷமும் மூன்றாம் நபர் பாலிசி சேர்ந்தே விற்கப்படுகிறது. அந்தக் கெடு முடிந்த பிறகு புதுப்பிக்காமல் ஓட்டுகிறவர்களை யார் பிடிக்கிறார்கள்?

அரசு பஸ் இடித்தால் கதை வேறு. சர்க்கார் போக்குவரத்து ஸ்தாபனங்கள் இன்ஷ்யூர் செய்வதற்குப் பதிலாகத் தனி நிதி வைத்துக்கொள்ளச் சட்டம் விலக்குத் தருகிறது. அந்த ஸ்தாபனத்தையே எதிர்மனுதாரராக்கிப் பணம் கேட்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், அமீனா போய்ப் பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளைத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். பஸ் மக்களுடைய சொத்து. அதை ஓட்டுகிறவரும் ஒரு தொழிலாளி. நிதியை உரிய காலத்தில் ஒதுக்காத சர்க்காரின் குறைக்கு டிரைவரின் சம்பளத்தில் கை வைப்பதும் நியாயமல்ல, இடிபட்டவனை அலையவிடுவதும் நியாயமல்ல.

இடித்துவிட்டு ஓடியவன் நம்பர் தெரியாவிட்டாலோ எல்லாக் கதவும் அடைப்பு. 161-ம் பிரிவின்படி அப்படிப்பட்ட விபத்தில் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். சொத்துக்கு ஒன்றுமில்லை.

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களில் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் முதல் தலைமுறை. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை ஐகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்தது. சாலையும் வசதியும் வர வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் சாலை வந்தால் வண்டி வரும். வண்டி வந்தால் விபத்தும் வரும். அன்றைக்கு நஷ்ட ஈடு கிடைக்கிற வழியும் கூடவே மலையேற வேண்டாமா? இடிபட்ட வேனை மலையிலிருந்து இறக்குவதற்கே ஒரு தொகை. ஸர்வேயர் வருகிறவரை அங்கேயே போட்டு வைத்தால் அத்தனை நாளும் பட்டினி. ஆங்கிலத்தில் அச்சடித்த பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல ஆளில்லை.

ஆகவே, இன்றுள்ள சட்டத்தைக்கொண்டே என்ன செய்ய முடியுமோ அதை ஒவ்வொரு வண்டிக்காரரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் படம் எடுங்கள். இரண்டு வண்டியும், நம்பர் பலகையும், சாலை ஓரமும் தெரியும்படி நாலு பக்கமும் எடுங்கள். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் அன்றைக்கே பதிவைக் கேட்டு வாங்குங்கள். சில நாளில் அது தானாக அழிந்துவிடும். பார்த்தவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நம்பர் கிடைத்தால் போதும், வண்டியின் இன்ஷ்யூரன்ஸ் விவரத்தைக் கைபேசியில் 'எம்-பரிவாகன்' மூலம் பார்க்கலாம். 160-ம் பிரிவின்படி, நஷ்ட ஈடு கேட்கும் உரிமையுள்ளவருக்கு அந்த வண்டியின் விவரங்களைக் கொடுக்க வேண்டியது போலீசின், ஆர்.டி.ஓ. ஆபீசின் கடமை. சலுகை கேட்பது போலக் கேட்க வேண்டியதில்லை. சொத்துச் சேதம் ஏற்பட்டாலும் போலீசுக்குத் தெரிவிப்பது இடித்த டிரைவரின் கடமை என்று 134-ம் பிரிவு சொல்லுகிறது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உங்கள் கம்பெனிக்கும் அவனுடைய கம்பெனிக்கும் அன்றைக்கே எழுத்தில் தகவல் கொடுங்கள். எந்தப் பாலிசியில் போவது என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். தாமதமாகி விட்டாலும் மனம் உடைய வேண்டாம். தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கிளெய்மை இயந்திரம் போலத் தள்ளக் கூடாது என்று இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சுப்ரீம் கோர்ட்டும் 2017-ல் அதையே சொன்னது.

நான்காவது, கணக்குப் போடுங்கள். சேதம் சிறிதானால் போனஸ் போவது அதைவிடப் பெரிய நஷ்டமாகலாம். இடித்தவனே பணம் கொடுக்க முன்வந்தால் எழுத்தில் வாங்குங்கள். சொந்தப் பாலிசியில் போவதானால், 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீதைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். மீதித் தொகையை மோதியவனிடம் கேட்கும் உரிமையை அது அடைத்துவிடக்கூடும். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. ஆனால் கிடைக்காத பகுதியையும், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பையும் தீர்ப்பாய மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.

ஐந்தாவது, கெடு. விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் விதி. இதை எதிர்த்த வழக்கில், கெடு தாண்டியது என்று மட்டும் சொல்லி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு போட்டது. இருந்தாலும் 6 மாதத்துக்குள் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பழங்குடியினருக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ம் ஆண்டின் சட்டம் சொல்லுகிறது. மலை மக்கள் வக்கீல் பீசுக்குப் பயந்து உரிமையைக் கைவிட வேண்டியதில்லை.

ஆறாவது, நொண்டிச் சாக்குகளுக்கு மசியாதீர்கள். 'இடித்த டிரைவரின் லைசென்சு சரியில்லை' என்பார்கள். மூன்றாம் நபருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரனிடம் கம்பெனி வசூலித்துக்கொள்ளலாம் என்பது 2004-லேயே சுப்ரீம் கோர்ட்டு காட்டிய வழி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை லேசு ரக லைசென்சுக்காரர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினாய் என்று சொந்தக் கிளெய்மை அடியோடு தள்ளுவதும் சரியல்ல. அப்படிப்பட்ட வழக்குகளில் 75 சதம் வரை கொடுக்கும்படி 2010-ல் தீர்ப்பு உண்டு. உங்கள் சொந்தக் கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்லாவிட்டாலும், குறைத்துக் கொடுத்தாலும், சென்னையிலுள்ள இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் அடுத்தவனுடைய கம்பெனி மீது அங்கே முறையிட முடியாது. இதுவும் ஒரு பெரிய ஓட்டை.

நிறுத்துகிறவருக்கும் கடமை உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. இரவில் விளக்கில்லாமல் நெடுஞ்சாலையில் லாரியை நிறுத்திவிட்டுப் போவது கொலைக்குச் சமம். நடுச்சாலையில் எச்சரிக்கைக் குறியின்றி விடப்பட்ட ஒரு கனரக வண்டியால் நேர்ந்த சாவுகள் பற்றிய வழக்கில், 2024 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வண்டியை அப்படி விட்டவர்களையே பொறுப்பாக்கியது. ஆகவே ஓரம் கட்டி, விளக்குப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துங்கள். கல்லைத் திரும்ப எடுத்துப் போடவும் மறவாதீர்கள்.

கம்பெனிக்காரர்கள் சொல்லப்போகும் பதில் நமக்குத் தெரியும். "நேராகப் பணம் கொடுக்க ஆரம்பித்தால் பொய்க் கிளெய்ம்கள் பெருகும், பிரீமியம் ஏறும்" என்பார்கள். பொய்க் கிளெய்ம் செய்கிறவர்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சொந்தப் பாலிசியில் கேட்கும்போது படம் பார்த்து, ஸர்வேயரை அனுப்பிச் சரிபார்க்கத் தெரிந்த கம்பெனிக்கு, மூன்றாம் நபர் கேட்கும்போது மட்டும் கண் தெரியாமல் போகுமா? ஐரோப்பிய நாடுகளில், 2005-ம் ஆண்டில் எல்லா மோட்டார் விபத்துகளுக்கும் விரிக்கப்பட்ட விதிப்படி, நஷ்டப்பட்டவர் மோதியவனுடைய கம்பெனியையே நேராகக் கேட்கலாம். கம்பெனி மூன்று மாதத்துக்குள் தொகை சொல்ல வேண்டும், அல்லது ஏன் இல்லை என்று காரணம் சொல்ல வேண்டும். அங்கே இன்ஷ்யூரன்ஸ் தொழில் படுத்துவிடவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. 1973 ஜனவரி 1-ல் 107 கம்பெனிகள் தேசிய மயமாகி, நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்ற நான்கு சர்க்கார் கம்பெனிகளாயின. நான்காவதன் தலைமை ஆபீஸ் நம் சென்னையிலேயே இருக்கிறது. பிறகு தனியாருக்குக் கதவு திறந்தது. அந்நிய முதலீட்டு வரம்பு 26-லிருந்து 2015-ல் 49 ஆகவும், 2021-ல் 74 ஆகவும் உயர்ந்தது. 2025 டிசம்பரில் 100 சதம் வரை அனுமதிக்கும் மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது. சட்டம் போட்டுக் கட்டாயமாக வாங்க வைக்கிற சரக்கு இது. வாங்காமலிருக்க ஜனங்களுக்கு உரிமையில்லை. கட்டாயத்தால் சேருகிற பணத்தில் லாபம் பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கிற கட்டாயம் மட்டும் கிடையாதா? மற்றவர்கள் செய்கிறார்களோ இல்லையோ, பொதுத்துறைக் கம்பெனிகள் நான்கும் தங்களுக்குள்ளாவது இந்த அநியாயத்தை நிறுத்தி வழிகாட்டலாமே!

நமது கோரிக்கைகள் தெளிவானவை.

149-ம் பிரிவிலுள்ள 'சொல்லலாம்' என்பதை 'சொல்ல வேண்டும்' என்று திருத்த வேண்டும். சிறு தொகைச் சொத்துச் சேதங்களைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்காமல், மோதிய வண்டியின் கம்பெனியே 30 நாளில் நேராகக் கொடுக்க வேண்டும்.

நின்ற வண்டி மீது அடுத்தவன் மோதியது ருஜுவானால், சொந்தப் பாலிசியில் வாங்கியவரின் போனஸில் கை வைக்கக் கூடாது. கம்பெனிகள் தங்களுக்குள் வசூலித்துக்கொள்ளட்டும்.

ஆளுக்குக் காயமில்லாத விபத்திலும், இரு வண்டிகளின் நம்பரும் பாலிசி விவரமும் குறித்த ரசீதைப் போலீஸ் அன்றைக்கே தர வேண்டும்.

ஓடிப்போன வண்டியால் பிழைப்பு வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கும் 161-ம் பிரிவின் நிதியிலிருந்து உதவி வேண்டும்.

பாலிசியின் முக்கிய விவரங்கள் தமிழில் அச்சாக வேண்டும். வெள்ளிமலையில் குறிப்பிட்ட நாட்களில் லோக் அதாலத் முகாமும், கம்பெனிகளின் ஸர்வேயரும் வர வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லுகிற கோரிக்கைகள் அல்ல. டாக்சி ஸ்டாண்டுகளிலும், ஆட்டோ ஸ்டாண்டுகளிலும், வேன் நிறுத்தங்களிலும் உள்ள தோழர்கள் இவற்றை எடுத்துப் பேச வேண்டும். நடந்த கேஸ்களைத் தேதி, பில், கம்பெனி சொன்ன பதில் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதிச் சேர்க்க வேண்டும். தனியாகப் போகிற ஒருவனைக் கவுண்டரில் திருப்பி அனுப்புவது எளிது. ஐம்பது கேஸ்களின் விவரத்தோடு கலெக்டரிடமும், பார்லிமெண்டு மெம்பரிடமும், இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் மகஜர் போனால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்த நோட்டை இந்த வாரமே ஒவ்வொரு ஸ்டாண்டிலும் தொடங்குவோம்.